டேப்பும் பலூனும் போதும்: நிலைமின் விசையைக் கையால் தொட்டுப் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

மின்சாரம் என்றவுடன் சுவிட்சும் கம்பியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஓடாமல் ஒரே இடத்தில் தங்கி நிற்கும் மின்சாரத்தைப் பள்ளியில் ஒரு வாரம் படிக்கிறோம். சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் என்று தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அணுவுக்குள் எலக்ட்ரானைக் கட்டி வைத்திருப்பது நிலைமின் விசை. உப்புக் கல் உதிர்ந்துபோகாமல் இருப்பதும் அதனால்தான். அச்சு எந்திரத்தில் எழுத்தைக் காகிதத்தில் ஏற்றுவதும், முகக்கவசத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பிடித்து நிறுத்துவதும் அதே விசை. இத்தனை வேலை செய்கிற ஒன்றுக்கு ஒரு வாரம் போதாது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த விசை மிகப் பெரியது. ஓர் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே உள்ள நிலைமின் ஈர்ப்பு, அதே இரண்டுக்கும் இடையே உள்ள புவியீர்ப்பு வகை விசையைப்போல் ஏறத்தாழ 10³⁹ மடங்கு. அதாவது ஒன்றுக்குப் பின்னால் முப்பத்தொன்பது சுழியங்கள். அப்படியிருந்தும் நாம் அதை உணர்வதில்லை. எந்தப் பொருளை எடுத்தாலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் அதில் சரிக்குச் சரியாக இருக்கின்றன. இழுப்பும் தள்ளலும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. அந்தச் சமநிலையை மயிரிழை அளவு குலைத்தால் போதும், விசை வெளியே வந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் சோதனைகளும் கருவிகளும் பெரும்பாலும் அந்த மயிரிழைக் குலைவைத்தான் உண்டாக்குகின்றன. கடைசியில் வருவது மட்டும் இதற்கு நேர்மாறு, குலைந்ததைச் சரிசெய்வது.

படித்துக்கொண்டே செய்து பாருங்கள். ஒட்டும் செல்லோ டேப் ஒரு சுருள், ஒரே மாதிரியான பத்துப் பலூன்கள் (ஊதித் தொங்கவிட இரண்டு போதும், எடை பார்க்கப் பத்தும் வேண்டும்), அலுமினியத் தாள், பிளாஸ்டிக் சீப்பு, தையல் நூல், அளவுகோல், ஒரு கம்பளித் துணி, கொஞ்சம் படிகாரம். இவற்றோடு முடி உலர்த்தும் கருவி, சிறிய தராசு, மூன்று கண்ணாடித் தம்ளர்கள், களிமண், சமையல் உப்பு இருந்தால் போதும்.

முதல் படி: ஈரத்தை விரட்டுங்கள்

சோதனை தோற்றுப்போவதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் காற்றின் ஈரப்பதம்தான். பொருள்களின் மேற்பரப்பில் ஈரம் மிக மெல்லிய படலமாகப் படிகிறது. நீங்கள் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்தப் படலம் வழியே சில நொடிகளில் வழிந்து போய்விடும். ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாள் நல்ல நாள். அடைமழை நாளில் ஒருமுறை சிறுவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பலூனைத் தேய்த்தேன். ஒரு காகிதத் துணுக்குகூட அசையவில்லை. பிறகு முடி உலர்த்தும் கருவியால் பலூன், கம்பளி, மேசை, என் கைகள் எல்லாவற்றின் மீதும் ஐந்து நிமிடம் வெப்பக் காற்றை அடித்தோம். அதே பலூன் ஒரு பிடி காகிதத்தை அள்ளிக்கொண்டு வந்தது. அன்று முதல் அந்தக் கருவி இல்லாமல் நான் இந்தச் சோதனைகளைத் தொடங்குவதில்லை.

வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும்கூடக் கெடுக்கும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முடியில் தேய்ப்பதாக இருந்தால் எண்ணெய் தடவாத, உலர்ந்த முடியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இரு வகை மின்னூட்டம் உண்டென்று கண்டுகொள்ளுங்கள்

இதற்குச் சீப்பைவிட, பலூனைவிட டேப்தான் சிறந்தது. ஏறக்குறைய எந்த நாளிலும் ஏமாற்றாது.

மேசை மீது நீளமாக ஒரு டேப்பை ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். இது அடித்தளம். அதன் மீது 15 செ.மீ. நீளமுள்ள இன்னொரு துண்டை ஒட்டுங்கள். ஒரு நுனியை மட்டும் மடித்துப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். விரல் நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, பிடியைப் பற்றிச் சரேலென்று உரித்தெடுங்கள். அதே இடத்தில் இன்னொரு துண்டையும் ஒட்டி அதேபோல உரியுங்கள். இப்போது இரண்டையும் தொங்கவிட்டு, ஒட்டாத பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு அருகே கொண்டுவாருங்கள். இரண்டும் வளைந்து விலகும். ஒரே முறையில் பிறந்தவை என்பதால் இரண்டிலும் இருப்பது ஒரே வகை மின்னூட்டம். ஓரினம் ஓரினத்தைத் தள்ளுகிறது.

அடுத்து, அடித்தளத்தின் மீது ஒரு துண்டை ஒட்டி, அதன் முதுகில் இன்னொரு துண்டை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரித்தெடுத்து, முழு நீளத்துக்கும் விரலால் மெல்ல வருடிவிடுங்கள். உரிக்கும்போது ஏறிய மின்னூட்டத்தில் பெரும்பகுதி உங்கள் கை வழியே போய்விடும். பிறகு இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சட்டென்று பிரித்து அருகே கொண்டுவாருங்கள். பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று இழந்ததை இன்னொன்று பெற்றிருக்கிறது. வேறினம் வேறினத்தை இழுக்கிறது.

இரண்டாவது சோதனையில் நீங்கள் எந்த மின்னூட்டத்தையும் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்ததைப் பிரித்தீர்கள், அவ்வளவுதான். தேய்ப்பதும் உரிப்பதும் செய்வது இதைத்தான். பரப்புகள் நெருங்கித் தொட்டுப் பிரியும்போது ஒரு பரப்பிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவிவிடுகின்றன. கண்ணாடி, முடி, நைலான், கம்பளி ஆகியவை பெரும்பாலும் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பவை. பாலித்தீன், பிவிசி, டெஃப்லான், பலூன் ரப்பர் ஆகியவை வாங்கிக்கொள்பவை.

மின்னூட்டம் இரு வகை என்று 1733-இல் எடுத்துக்காட்டியவர் பிரான்சைச் சேர்ந்த டு ஃபே. நேர், எதிர் என்று பெயர் வைத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897-இல். அதற்குள் பெயர்கள் நிலைத்துவிட்டன. அதனால்தான் உண்மையில் இடம் மாறும் துகளின் தலையில் எதிர்க்குறி ஏறிக்கொண்டது. எலக்ட்ரானைப் பெற்ற பொருளை எதிர்மின் என்றும், இழந்த பொருளை நேர்மின் என்றும் சொல்கிறோம். முதலில் இது எல்லோரையும் குழப்பும். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

உங்கள் டேப்பில் இருப்பது எந்த வகை? உலர்ந்த முடியில் பத்து முறை வாரிய பிளாஸ்டிக் சீப்பை அருகே கொண்டுசெல்லுங்கள். அப்படிப்பட்ட சீப்பு வழக்கமாக எதிர்மின்னூட்டம் பெறும். அதைக் கண்டு விலகும் டேப்பும் எதிர்மின் கொண்டதே.

மூன்றாம் படி: ஈர்ப்பை நம்பாதீர்கள், விலக்கத்தை நம்புங்கள்

அலுமினியத் தாளை மிளகு அளவுத் துணுக்குகளாகக் கிழித்து மேசையில் தூவுங்கள். தேய்த்த சீப்பை இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். குனிந்து, மேசைமட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். துணுக்கு முதலில் எழுந்து நிற்கும். பிறகு துள்ளிச் சீப்பில் மோதும். மோதிய கணமே கீழே உதைத்துத் தள்ளப்பட்டதுபோலத் தெறிக்கும். சில துணுக்குகள் மேலும் கீழுமாகப் பலமுறை குதிக்கும்.

மின்னூட்டமே இல்லாத துணுக்கு ஏன் இழுக்கப்பட வேண்டும்? சீப்பின் எதிர்மின்னூட்டம் அலுமினியத்திலுள்ள எலக்ட்ரான்களை அப்பால் தள்ளுகிறது. துணுக்கின் மேல்முனை நேர்மின்னாகவும் கீழ்முனை எதிர்மின்னாகவும் மாறுகின்றன. மேல்முனை இழுக்கப்படுகிறது, கீழ்முனை தள்ளப்படுகிறது. இரு முனைகளிலும் உள்ள மின்னூட்டம் சம அளவுதான். ஆனால் மேல்முனை சீப்புக்குச் சற்று அருகில் இருக்கிறது. அந்தச் சிறு நெருக்கம்தான் இழுப்பை வெல்லச் செய்கிறது. மோதியவுடன் சீப்பின் மின்னூட்டத்தில் கொஞ்சம் துணுக்குக்கு வந்துவிடுகிறது. இப்போது இரண்டும் ஓரினம், ஆகவே தெறிக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஒரு பொருள் ஈர்க்கப்பட்டால் அதில் மின்னூட்டம் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. சும்மா இருக்கும் பொருளும் ஈர்க்கப்படும். விலகினால் மட்டுமே அதில் மின்னூட்டம் உண்டென்று உறுதியாகச் சொல்லலாம். இந்த மூன்றாம் படியை மறந்துவிடாதீர்கள். முகக்கவசத்திடம் வரும்போது மீண்டும் தேவைப்படும்.

நான்காம் படி: தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு

சற்று முன் ‘சிறு நெருக்கம்’ என்றேன். எவ்வளவு நெருங்கினால் விசை எவ்வளவு கூடும்? இதை அளந்து காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் அகஸ்டின் டி கூலூம். ஆண்டு 1785. அவருடைய கருவி முறுக்குத் தராசு. கண்ணாடி உருளைக்குள் மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு கிடைமட்டக் குச்சி தொங்கும். குச்சியின் முனையில் தக்கைபோன்ற சிறு உருண்டை. பக்கத்தில் அசையாத இன்னோர் உருண்டை. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் கொடுத்தால் விலகும். விலகும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கின் கோணம்தான் விசையின் அளவு.

அவர் எழுதி வைத்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். முதலில் உருண்டைகள் 36 பாகை விலகி நின்றன. கம்பியின் முறுக்கும் 36. பிறகு மேலிருக்கும் திருகை 126 பாகை திருப்பி உருண்டைகளை நெருக்கினார். இடைவெளி 18 பாகை ஆயிற்று. மொத்த முறுக்கு 126-உம் 18-உம் சேர்ந்து 144. தூரம் பாதி, விசை சரியாக நான்கு மடங்கு. திருகை 567 பாகைக்குத் திருப்பியபோது இடைவெளி எட்டரை பாகை. மொத்த முறுக்கு 575.5. தூரம் ஏறக்குறைய கால்வாசி. விசை ஏறக்குறைய 16 மடங்கு. ஒரு வெள்ளிக் கம்பியும் இரண்டு உருண்டைகளும் இயற்கையின் ஒரு விதியை இவ்வளவு துலக்கமாகச் சொல்லிவிட்டன.

அந்த விதியைச் சூத்திரமாக எழுதினால், இரண்டு மின்னூட்டங்களைப் பெருக்கி, இடைத்தூரத்தின் இருமடியால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். அந்த மாறிலி ஏறத்தாழ 9 × 10⁹. தூரம் மீட்டரிலும் மின்னூட்டம் கூலூமிலும் இருந்தால் விசை நியூட்டனில் வரும். ஒரு மீட்டர் இடைவெளியில் ஆளுக்கு ஒரு கூலூம் வைக்க முடிந்தால் விசை 900 கோடி நியூட்டன். சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். ஆகவே ஒரு கூலூம் என்பது மேசை மீது சேர்த்துவைக்கக்கூடிய அளவே அல்ல. நம் விளையாட்டெல்லாம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோகூலூமிலும், அதைவிடச் சிறிய நானோகூலூமிலும்தான்.

ஐந்தாம் படி: உங்கள் பலூனில் எத்தனை எலக்ட்ரான்கள்?

விதியைப் படிப்பது வேறு, அதைக் கொண்டு எண்ணிப் பார்ப்பது வேறு. தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

காற்று ஊதாத பலூனின் எடை தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தால் சிறிய தராசு சரியாகக் காட்டாது. பத்துப் பலூன்களைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பலூன்களை 20 செ.மீ. விட்டத்துக்கு ஊதி, கொக்கியிலிருந்து பலூனின் மையம் வரை ஒரு மீட்டர் வருமாறு நூலைக் கட்டி, ஒரே கொக்கியில் இரண்டையும் தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இப்போது இரண்டையும் கம்பளியால் எல்லாப் பக்கமும் தேய்த்துவிட்டு விலகி நில்லுங்கள். உங்கள் உடலும் பலூனை இழுக்கும் என்பதால் மிக அருகே நிற்கக் கூடாது. பலூன்கள் பிரிந்து நிற்கும். மையத்திலிருந்து மையத்துக்குத் தூரத்தை அளவுகோலால் பாருங்கள். 30 செ.மீ. என்று கொள்வோம்.

ஒவ்வொரு பலூனும் நடுக்கோட்டிலிருந்து 15 செ.மீ. விலகியிருக்கிறது. நூலின் நீளம் 100 செ.மீ. ஆகவே பக்கவாட்டு விசை, எடையில் ஏறத்தாழ 100-க்கு 15 பங்கு. 2 கிராமின் எடை 0.0196 நியூட்டன். விசை சுமார் 0.003 நியூட்டன். இதைத் தூரத்தின் இருமடியால் பெருக்கி (0.3 × 0.3 = 0.09), 9 × 10⁹-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.17 மைக்ரோகூலூம் வரும். பலூன் புள்ளி அல்ல, மின்னூட்டம் எங்கும் சீராகப் பரவியும் இருக்காது. எனவே இது தோராயக் கணக்கு. ஆனால் மதிப்பு ஏறக்குறைய எந்த அளவில் இருக்கும் என்பது சரி.

ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். வகுத்துப் பாருங்கள். பலூனில் கூடுதலாக ஏறியவை ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள். பெரிய எண்தான். ஆனால் 2 கிராம் ரப்பரில் உள்ள அணுக்களோ சுமார் 2 × 10²³. அதாவது 20,000 கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில்தான் சமநிலை குலைந்திருக்கிறது. அந்தக் குலைவே ஒரு பலூனைக் கண்ணெதிரே தள்ளி நிறுத்துகிறது. தொடக்கத்தில் மயிரிழை என்றேன். அந்த உவமைகூட மிகைதான் என்பதை உங்கள் அளவுகோலே சொல்லிவிட்டது.

ஆறாம் படி: அச்சு எந்திரத்துக்குள் எட்டிப் பாருங்கள்

ஒளிநகல் எடுக்கும் முறையை செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் முதன்முதலாகச் செய்து காட்டினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார். அதாவது நீங்கள் பலூனுக்குச் செய்ததையே செய்தார். எழுத்து எழுதிய கண்ணாடித் தகடு வழியாக அதன் மீது ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வழிந்து போயிற்று. எழுத்தின் நிழலில் தங்கியது. மேலே நுண்ணிய தூளைத் தூவி ஊதியபோது எழுத்து வடிவில் தூள் நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார். அன்று பதிந்தது தேதியும் ஊர்ப் பெயரும்தான். சந்தைக்கு வந்து வெற்றி பெற்ற ஜெராக்ஸ் 914 எந்திரம் அறிமுகமாக 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய லேசர் அச்சு எந்திரமும் இதே வழியில்தான் போகிறது. உள்ளே பளபளக்கும் உருளை ஒன்று இருக்கிறது. இருட்டில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஒளி பட்டால் விட்டுவிடுவதும் அதன் மேற்பூச்சின் குணம். பெரும்பாலான எந்திரங்களில் உருளை முழுவதும் முதலில் சீராக எதிர்மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. எழுத்து வரவேண்டிய புள்ளிகளில் மட்டும் லேசர் பட்டு அதைக் கரைத்துவிடுகிறது. டோனர் எனப்படும் மைத்தூளும் எதிர்மின்னூட்டம் பெற்றது. ஆகவே லேசர் படாத இடம் அதைத் தள்ளுகிறது. பட்ட இடத்தில் அது போய் ஒட்டுகிறது. பின்பு காகிதம் வருகிறது. அதன் முதுகுப்புறத்தில் கொடுக்கப்படும் நேர்மின்னழுத்தம் தூளை உருளையிலிருந்து காகிதத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இதுவரை எழுத்தைத் தாங்கி நிற்பது நிலைமின் விசை மட்டுமே. விரலால் தடவினால் கலைந்துவிடும். கடைசியில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூடான உருளை அழுத்தி, தூளை உருக்கிக் காகிதத்தோடு பிணைக்கிறது. எந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்த தாளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

டோனர் துணியில் கொட்டிவிட்டால் வெந்நீரில் நனைக்காதீர்கள். அது சூட்டில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் தூள். உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

ஏழாம் படி: தூசியைப் பிடிக்கும் கருவிகள்

என்95 வகை முகக்கவசத்தைச் சல்லடை என்று நினைப்பவர் பலர். சல்லடையாக இருந்தால் அதை அணிந்துகொண்டு மூச்சு விடவே முடியாது. அதன் நடுவில் இருப்பது பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆன ஓர் அடுக்கு. இழைகளுக்கிடையே இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. ஆனால் இழைகளில் தயாரிப்பின்போதே மின்னூட்டம் ஏற்றி, நெடுநாள் தங்கும்படி செய்திருக்கிறார்கள். அருகே வரும் துகளில் மின்னூட்டம் இருந்தால் இழுபடும். இல்லாவிட்டாலும் இழுபடும். அலுமினியத் துணுக்கு சீப்பிடம் மாட்டியதுபோல, துகளின் அருகு முனையும் அப்பால் முனையும் வேறினமாகி அது இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள, வடிகட்ட மிகவும் கடினமான துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் பெயரிலுள்ள 95 குறிக்கிறது.

எனவே இந்தக் கவசத்தைச் சோப்பில் ஊறவைத்துத் துவைக்கக் கூடாது. ஆல்கஹாலும் தெளிக்கக் கூடாது. துணி அப்படியே இருப்பதுபோலத் தோன்றும், மின்னூட்டம் போயிருக்கும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் இதையே பேரளவில் செய்கிறார்கள். பல்லாயிரம் வோல்ட் கொடுத்த கம்பிகளுக்கு இடையே புகை செல்லும்போது சாம்பல் துகள்கள் மின்னூட்டம் பெறுகின்றன. எதிரே உள்ள தகடுகளில் போய்ப் படிகின்றன. சுத்தியல் தட்டித் தகட்டை உலுக்கினால் சாம்பல் கீழே உள்ள தொட்டியில் விழும். நல்ல நிலையில் உள்ள கருவி சாம்பலில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். உலோகச் சாமான்களுக்குத் தூள் வண்ணம் பூசுவதும் இதே வழிதான். மின்னூட்டிய வண்ணத்துகள் தரையோடு இணைத்த உலோகத்தைத் தேடிச் சென்று ஒட்டும், பின்பக்கம்கூட விடுபடாது.

எட்டாம் படி: சுரீரென்று தாக்கினால்

நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டவுடன் விரலில் பொறி தெறிக்கும் அனுபவம் பலருக்கும் உண்டு. உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரை தாங்கும். பொறி 3 மி.மீ. தாண்டியது என்றால் உங்கள் உடல் ஏறத்தாழ 10,000 வோல்ட்டில் இருந்திருக்கிறது. ஆனாலும் உயிருக்கு ஒன்றும் நேர்வதில்லை. உடலில் சேர்ந்த மின்னூட்டம் ஒரு மைக்ரோகூலூம் அளவுதான். ஒரு கணத்தில் தீர்ந்துவிடும்.

வலியைத் தவிர்க்க எளிய வழி, கையில் உள்ள சாவியால் முதலில் உலோகத்தைத் தொடுவது. பொறி சாவி நுனியில் விழும், விரலுக்குத் தெரியாது. காரிலிருந்து இறங்கும்போது, இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே கதவுச் சட்டத்தின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று பெட்ரோல். மேலே சொன்ன பொறியின் ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல். பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஒரு மில்லிஜூலுக்கும் குறைவே போதும். எரிபொருள் நிரம்பிக்கொண்டிருக்கும்போது காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு மீண்டும் வந்து குழாயைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமானால் முதலில் அப்பால் ஓர் உலோகத்தைத் தொட்டுவிடுங்கள். கேனில் நிரப்புவதானால் கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள்.

மற்றொன்று மின்னணுச் சில்லுகள். 3,000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள பொறியை நம் விரல் பெரும்பாலும் உணர்வதே இல்லை. சில சில்லுகள் சில நூறு வோல்ட்டிலேயே பாழாகிவிடும். அதாவது உங்களுக்குத் தெரியாமலேயே கெடுத்துவிடுவீர்கள். கணினியைத் திறந்து வேலை செய்பவர்கள் அணியும் மணிக்கட்டுப் பட்டை இதற்காகத்தான். அதில் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கும். மின்னூட்டம் மெல்ல வழியவும் வேண்டும், தவறி மின்கம்பியைத் தொட்டால் ஆளைக் காப்பாற்றவும் வேண்டும்.

ஒன்பதாம் படி: கலங்கிய நீரில் ஒரு சோதனை

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று கண்ணாடித் தம்ளர்களில் களிமண் கலந்த கலங்கல் நீரைச் சம அளவு ஊற்றுங்கள். கல்லும் மணலும் அடியில் படியச் சில நிமிடம் விடுங்கள். அதன் பிறகும் நீர் பழுப்பாகவே நிற்கும். மணிக்கணக்கில் விட்டாலும் முழுதாகத் தெளியாது. மண் நீரைவிடக் கனமானதாயிற்றே, ஏன் இறங்கவில்லை?

மிக நுண்ணிய களிமண் துகள்களின் மேற்பரப்பு நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கிறது. இரண்டு துகள்கள் நெருங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. சேர்ந்து கட்டியானால்தானே வேகமாக இறங்க முடியும்? தனித்தனியாக இருக்கும்வரை நீர் மூலக்கூறுகளின் மோதலிலேயே அலைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது தம்ளரில் ஒரு சிட்டிகை படிகாரத் தூளைப் போட்டு, ஒரு நிமிடம் மெல்லக் கலக்கிவிட்டு விடுங்கள். படிகாரத்திலிருந்து வரும் அலுமினிய அயனியில் மூன்று நேர்மின்னூட்டங்கள் உள்ளன. அந்த அயனியும் அது நீருடன் சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களும் துகளின் எதிர்மின்னூட்டத்தைத் தீர்த்துவிடுகின்றன. தள்ளல் போய்விட்டதால் துகள்கள் மிக நெருங்கி வர முடிகிறது. அந்த நெருக்கத்தில் எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வலுக்குறைந்த ஈர்ப்பு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. தம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நீருக்குள் பஞ்சுத் துணுக்குகள்போலத் திரள்வதும், ஒன்றோடொன்று சேர்ந்து பருப்பதும், பிறகு அசைந்து அசைந்து இறங்குவதும் தெரியும். குடிநீர் நிலையங்களில் பெரிய தொட்டிகளில் நடப்பதும் இதுதான். தெளிந்த நீர் என்பதால் அதைக் குடித்துவிடாதீர்கள். படிகாரம் மண்ணை இறக்கும். கிருமிகளை நீக்கிவிட்டதாகப் பொருள் இல்லை.

மூன்றாவது தம்ளரில் இரண்டு தேக்கரண்டி சமையல் உப்பைக் கரையுங்கள். உப்பு கரைவதே நிலைமின் விசையின் கதைதான். படிகத்தில் சோடியமும் குளோரினும் நேர், எதிர் அயனிகளாக இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கின்றன. நீருக்குள் அதே அயனிகளுக்கு இடையே உள்ள விசை வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, கட்டு அவிழ்கிறது. அப்படிப் பிரிந்த சோடியம் அயனிகள் களிமண் துகள்களைச் சூழ்ந்து அவற்றின் தள்ளலை மறைக்கின்றன. ஆனால் சோடியத்துக்கு ஒரே ஒரு நேர்மின்னூட்டம்தான். அதனால்தான் ஒரு சிட்டிகை படிகாரம் செய்வதைச் செய்ய இவ்வளவு உப்பு தேவைப்படுகிறது.

ஆறு கடலோடு கலக்கும் இடத்திலும் இதே வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆறு சுமந்து வந்த நுண்களிமண் உப்பு நீரைத் தொட்டவுடன் திரள்கிறது. திரண்டு கழிமுகத்தில் படிகிறது. டெல்டா நிலங்கள் உருவாவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்று தம்ளர்களையும் அருகருகே வைத்து, பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றை நிறுத்துங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்தத் தம்ளர் வழியாக எழுத்து முதலில் தெரிகிறது என்று பார்த்து நேரத்தோடு குறித்துவையுங்கள்.